தையல் மிஷின் போன சனிக்கிழமை

அப்பாவை நான் பாடம் ஒப்பிக்க வைத்திருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் நாங்கள் இருந்த காலம் அது. எனக்கு எட்டு வயது. அப்பா குட்ஸ் ஷெட்டில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. ரயில்வேயில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. பெரிய கிராணி சனிக்கிழமை மத்தியானங்களில் தன் வீட்டில் போக்கர் ஆடுவார். அவர் கூப்பிட்டு அப்பா போகாமல் இருக்க முடியுமா?

ஆட்டத்தில் புழங்கும் சொற்களை யாரிடமோ கேட்டு ஒரு தாளில் எழுதிவந்தார். தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டைப் பித்தானைப் போட்டபடியே ஒப்பிப்பார். ஒரே எண்ணில் இரண்டு சீட்டு இருந்தால் பேர். ஐந்தும் ஒரே ஜாதி என்றால் ஃபிளஷ். பந்தயத்தை ஏற்றுவது ரெய்ஸ். அதற்குச் சமமாக வைத்து, எதிராளியைச் சீட்டைக் காட்டச் சொல்வது கால். கையில் ஒன்றுமில்லாமலே எல்லாம் இருப்பதுபோல் ஏற்றிக்கொண்டு போவது பிளஃப். தேறாது என்று சீட்டைக் கவிழ்த்து விலகுவது ஃபோல்ட். அது மட்டும் அவருக்கு நினைவில் நிற்கவே இல்லை. எனக்கோ எல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

அந்தச் சனிக்கிழமை நானும் அடம்பிடித்துக் கூடப் போனேன். அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்று சீட்டைப் பார்த்தேன். கையில் இருந்த பணமெல்லாம் போய்விட்டது. கடைசிக் கையில் சிவப்பு ஆட்டின் ஜாதியில் நான்கு சீட்டு வந்தது. இன்னொன்று வந்தால் ஃபிளஷ். ஒரு சீட்டை மாற்றினார், வந்தது கறுப்பு. அப்பா ஒரு துண்டுத் தாளில் 'தையல் மிஷின்' என்று எழுதி மேஜை நடுவில் வைத்து, "ரெய்ஸ்" என்றார். அம்மா அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்த மிஷின் அது. அப்பாவின் வேலை போனால் எங்களுக்குச் சோறு போடப் போவதும் அதுதான்.

எனக்கு அது எங்கே தெரிந்தது? தாளில் படித்த பிளஃப் கண்ணெதிரே நடக்கிற சந்தோஷம். சிரிப்பு பொத்துக்கொண்டு வர, பாவாடை நுனியால் வாயை மூடிக்கொண்டேன். பெரிய கிராணி அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"பாப்பா, மிட்டாய் வேணுமா?" என்று கேட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். "கால். எங்க, சீட்டக் காட்டும்."

அவரிடம் இருந்தது வெறும் இரண்டு ஏழு. அது போதுமானதாக இருந்தது. அப்பா ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை கைவண்டி வந்தது. பாதி தைத்த ரவிக்கையை மிஷினிலிருந்து உருவிக்கொண்டு அம்மா ஒதுங்கி நின்றாள்.

"எப்படித் தோத்தீங்க?"

"சீட்டு சரியா விழல."

எனக்குக் கோபம் வந்தது. பிளஃபுக்கு நல்ல சீட்டே வேண்டாமே, இதைக்கூடவா அப்பா மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் சீட்டைத் தொடவில்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அம்மா சொல்லிக்காட்டுவாள். அவர் தலைகுனிந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்.

கல்யாணமாகி, மனதில் இருப்பதை முகத்தில் காட்டாமல் இருக்க நானும் பழகிய பிறகுதான் பெரிய கிராணி அன்று எதைப் பார்த்தார் என்பது எனக்கு உறைத்தது. அதற்குள் அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். அம்மா இருந்தாள், அப்போதும் அவரைத் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். நான் சொல்லவில்லை.