முழங்காலும் நேர்த்தியும்

கூடைப்பந்தில் நான் கார்ட். ஐந்து பேரில் ஆகக் கட்டையான ஆள். பந்தைத் தட்டிக்கொண்டு போய், யாரிடம் எப்போது கொடுப்பது என்று முடிவெடுப்பது என் வேலை. புள்ளி போடுகிறவளுக்குக் கைதட்டு விழும். பந்து பறிபோனால் ஏச்சு எனக்கு. எட்டு சீசன் ஆக்லாந்தில் இதைத்தான் தொழிலாகச் செய்தேன். தொழில் என்றாலும் குளிர்காலத்தில் சில மாதங்கள்தான். மிச்ச நாட்களில் நியூ லின் மோலில் சப்பாத்துக் கடையில் நின்றேன். முதல்நாள் டிவியில் என்னைப் பார்த்த சனம் அடுத்தநாள் வந்து என் கையால் சப்பாத்துப் போட்டுப் பார்த்ததும் உண்டு. எனக்கு அதில் வெட்கமே இல்லை. வெட்கப்பட்டது அம்மாதான்.

பன்னிரண்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தபோது எனக்குத் தெரிந்தது வலைப்பந்து. அம்மாவுக்கு வலைப்பந்தில் ஒரு குறையும் இல்லை. ஆளை ஆள் தொடக்கூடாத விளையாட்டு, பாவாடையும் போடலாம். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து அணி நிரம்பி வழிந்தது. கூடைப்பந்துக்கு ஆள் போதாமல் என்னை இழுத்துப் போட்டார்கள். போனவள் போனவள்தான். முதல் ஆட்டத்தைப் பார்த்த அம்மா, இது விளையாட்டோ சண்டையோ என்று காரில் கேட்டார்.

படித்து முடித்ததும் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. ஒரு வருடத்தில் அதை விட்டுவிட்டு, ஒரே ஒரு சீசனுக்கு என்று எழுதியிருந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். அம்மா இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. சோறு மட்டும் நேரத்துக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். அப்பா நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டினார். அந்த மனுசனுக்கு அது கைவந்த கலை. ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது இதே நாடகம் வீட்டில் நடந்தது. ஐந்தாவது சீசனுக்கு முன் ஆய்வுகூடத்துக்காரர் திரும்பக் கூப்பிட்டார்கள். நான் மாட்டேன் என்றேன். அந்த முறை அம்மா சண்டை பிடிக்கவில்லை. பேசாமல் கோயிலுக்குப் போனார்.

அந்த சீசனின் மூன்றாவது ஆட்டம். ஒருத்தியும் என்னை இடிக்கவில்லை. இடது காலை ஊன்றி வலப்பக்கம் திரும்பினேன், முழங்காலுக்குள் டக்கென்றது. அவ்வளவுதான். உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது, வெட்டித் தைக்கவேண்டும், திரும்ப விளையாட ஒன்பது பத்து மாதமாவது செல்லும் என்றார்கள். பயிற்சியாளர் வீட்டுக்கு வந்து மரியாதையாகத்தான் கதைத்தார். அடுத்த சீசன் தொடங்கும்போது கால் சரியாக இருந்தால் என் இடம் எனக்கு. இல்லாவிட்டால் பத்தொன்பது வயதுப் பெட்டை ஒருத்தி இருக்கிறாள் என்றார். அவள் எவ்வளவு கெட்டிக்காரி என்று அவர் சொல்லத் தேவையில்லை. பயிற்சியில் அவளை மறிக்கிறவளே நான்தான்.

பிளாக்ஹவுஸ் பே வீட்டிலிருந்து நியூ லின்னுக்கு, பிசியோவிடம், கிழமைக்கு மூன்று நாள். அம்மா தன் வேலை நேரத்தை மாற்றி எடுத்து என்னை ஏற்றி இறக்கினார். ஆட்டுக்கால் சூப் வைத்துத் தந்தார். நான் குளித்துவிட்டு வரும்வரை வாசலில் நின்றார். நான் காத்திருந்த ‘அப்பவே சொன்னனான்’ மட்டும் வரவேயில்லை. அம்மாவைத் தெரிந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட அதிசயம் என்று விளங்கும். எனக்கு உள்ளுக்குள் சந்தேகம்தான்.

ஏழாம் மாதம் ஒருநாள். பெட்டியிலிருந்து இடது காலால் குதித்து இறங்கச் சொன்னார் பிசியோ. நான் ஒவ்வொரு தரமும் கடைசி நொடியில் வலது காலுக்கு மாறினேன். கால் ஆறிவிட்டது, நீதான் அதை நம்புகிறாயில்லை என்றார் அவர். வெளியே வந்து காரில் ஏறி, இனி என்னால் ஏலாது போல என்று அம்மாவிடம் சொன்னேன். ஆய்வுகூடத்தில் இடம் இருக்கிறதோ என்று கேட்டுப் பார்க்கப் போகிறேன் என்றும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். அம்மா காரை ஸ்டார்ட் பண்ணவில்லை.

“பிள்ளை, நான் ஒரு நேர்த்தி வைச்சனான்,” என்றார். “நீ இந்த விளையாட்டை விடவேணுமெண்டு.”

பிறகு முழுவதும் வந்தது. நான் விளையாட்டை விட்டால் தேர் அன்று கோயிலைச் சுற்றி மூன்று தரம் அடியழிக்கிறேன் என்று வேண்டியிருக்கிறார். ஒவ்வொரு அடிக்கும் முழந்தாளிட்டு, நெற்றி நிலத்தில் பட விழுந்து கும்பிட்டு, எழும்பி, அடுத்த அடி. மூன்றே மாதத்தில் என் கால் போய்விட்டது. தான் விளையாட்டைத்தான் விடச்சொல்லிக் கேட்டது, காலைக் கேட்கவில்லை என்று அழுதார். அந்த வருடத் தேர் வந்து போயும் அவர் அடியழிக்கவில்லை. செய்தால் நான் இனி விளையாடவே மாட்டேன் என்று ஆகிவிடும். செய்யாமல் விட்டால் சாமி திரும்பவும் என் தலையில்தான் கை வைக்கும். ஏழு மாதமாக இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து நித்திரை இல்லாமல் இருந்திருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. நேர்த்தியால் சவ்வு கிழியும் என்று நான் நம்பவில்லை. கிழிந்ததை ஸ்கான் படத்தில் நானே பார்த்தவள். ஆனால் நான் தோற்கவேண்டும் என்று என் சொந்த அம்மா ஒரு காலைப்பொழுது நின்று கும்பிட்டிருக்கிறார். அது சுட்டது. பக்கத்தில் அம்மா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, கார் ஓடுவது போலவே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கக் கோபம் இறங்கிவிட்டது. எங்கே இடைவெளி இருக்கிறது என்று தேடுவது என் தொழில். தேடினேன்.

“அம்மா, நான் விளையாட்டை விடவேணுமெண்டுதானே கேட்டனீங்கள்? நான் இன்னும் விடேல்லை. கால்தான் போனது. அப்ப உங்கட நேர்த்தி பலிக்கேல்லை.”

அம்மா அதை வழக்கறிஞர் போல உருட்டிப் புரட்டிப் பார்த்தார். அப்ப நீ விடமாட்டியோ என்று கேட்டார். மாட்டன் என்றேன். ஐந்து நிமிடத்துக்கு முன் விட்டவள் நான். சொன்ன வாய் மூட முன்னம் இனி விடவும் ஏலாது என்று விளங்கிவிட்டது. அடுத்த முறை பெட்டியிலிருந்து இடது காலால் குதித்தேன்.

என் இடம் எனக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு மூன்று சீசன். அம்மா ஆக்லாந்தில் நடந்த ஒரு ஆட்டத்தையும் விடவில்லை. முதலில் என் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்ல மெல்ல விளையாட்டையும் பார்த்தார். நடுவருக்குக் கண் தெரியாது என்று யாழ்ப்பாணத் தமிழில் சத்தம் போடுகிற அளவுக்குத் தேறினார். நான் பிழையாகப் பந்து கொடுத்தால் வீட்டில் சோற்றோடு சேர்த்து அதற்கு ஏச்சும் வரும்.

எட்டாவது சீசன் முடிய நானே நிறுத்தினேன். ஒரு நோவும் இல்லை. அந்தப் பெட்டைக்கு இருபத்திரண்டு ஆகியிருந்தது. இடைவெளி எங்கே என்று என் கண்ணுக்கு இன்னும் தெரிந்தது, கால் போய்ச் சேர முன்னம் அவள் அங்கே நின்றாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அம்மா பயத்தங்காய் முறித்துக்கொண்டிருந்தபோது, விட்டிட்டன் என்று சொன்னேன். கை நின்றது.

“இன்னும் ஒரு சீசன் விளையாடிப் பாரன்,” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

நான் விட்டாயிற்று, இனி நேர்த்தி நேர்த்திதான். அம்மாவின் முழங்கால்கள் தேய்ந்துபோயிருந்தன. ஒரு அபிஷேகத்தோடு முடிக்கலாமே என்று அப்பா வாழ்க்கையில் முதல்தரம் ஒரு பக்கம் பேசிப் பார்த்தார். அம்மா காதிலேயே எடுக்கவில்லை. எங்கள் கோயில் அப்போது ஒனிஹங்காவில், பட்டறைகளுக்கு நடுவில் வாடகைக்கு எடுத்த ஒரு கட்டடம். சுற்றுவீதி என்பது கார் நிறுத்துகிற தார்த்தரைதான். தேர் அன்று காலையில் அம்மாவைக் கதிரையில் இருத்தி, பயிற்சிக்குப் போடும் பஞ்சு வைத்த என் முழங்கால் உறைகளைச் சேலைக்குள்ளே போட்டுவிட்டேன். இது சாமிக்குத் தெரியாதோ என்று கேட்டார். சாமிக்கு முழங்காலைப் பற்றி எல்லாம் தெரியும் என்றேன்.

முதல் சுற்று நல்லபடி போனது. இரண்டாவதில் நிலத்தில் கையூன்றி எழும்பினார். மூன்றாவதில் பாதி தூரத்தில் முழந்தாளிட்டவர் எழும்பவில்லை. கை கொடுத்தேன், வேண்டாம் என்று தலையாட்டினார். இடது காலில் பாரத்தைப் போடுங்கோ அம்மா, அது தாங்கும், நம்புங்கோ என்று குனிந்து சொன்னேன். எழும்பினார். மிச்சத்தையும் முடித்தார்.

படியில் இருத்தித் தண்ணீர் கொடுத்தேன். கண்ணீர் நின்றபாடில்லை. பக்கத்திலிருந்த மனுசி ஒருத்தி, இப்பிடி அழுகிறீங்களே அக்கா, அப்பிடி என்ன பெரிய காரியம் சாமி நிறைவேற்றித் தந்தது என்று கேட்டார்.

“என்ர பிள்ளை நல்லா விளையாடினவள்,” என்றார் அம்மா.

அந்த மனுசிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் குனிந்து உறைகளைக் கழற்றினேன்.