ஐந்து சிபாரிசும் ஒரே கம்ப்யூட்டரில்

குருபரப்பள்ளி நெடுஞ்சாலையோரம் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். லாரிக்கும் பைக்குக்கும் எழுத்து வெட்டித் தர நான் பயன்படுத்துவது, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓர் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். அதில் தமிழ் எழுத்து உடையும் இடங்களைப் படமெடுத்து மூன்று வருடமாக அவர்களுக்கு அனுப்பி வந்தேன்.

சென்ற வருடம் அந்தக் குழுவில் உறுப்பினராக விண்ணப்பித்தேன். என்னை அறிந்த சிலர் பரிந்துரை எழுத வேண்டும் என்றார்கள். கடைத்தெருக்காரியான எனக்குப் பரிந்துரை என்றால் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள்தான். பஞ்சர் கடை முனியப்பண்ணன் உட்பட ஐந்து பேரை என் கம்ப்யூட்டர் முன் வரிசையாக உட்கார வைத்து, குழுவின் இணையதளத்தில் அவரவர் பெயரில் கணக்குத் தொடங்கினேன்.

“தங்கமான பொண்ணு, நம்பலாம்னு போடும்மா” என்றார் அண்ணன். அப்படியே தட்டினேன்.

மறுநாள் குழுவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரே மணி நேரத்தில், ஒரே இடத்திலிருந்து ஐந்து புதிய கணக்குகள். எல்லாம் நீங்களே போட்ட போலிப் பெயர்களா என்று கேட்டிருந்தார்கள். மூன்று வருட உழைப்பும் திருட்டுப் பட்டத்தோடு போகப்போகிறதே! நடந்ததை அப்படியே எழுதி மன்னிப்புக் கேட்டேன்.

நான்காம் நாள், பெங்களூரிலிருந்து முகம் தெரியாத ஒரு புரோகிராமர் குழுவுக்கு எழுதினார்: “இவர் அனுப்பிய படங்களை வைத்துத்தான் தமிழைத் திருத்தினேன். அதில் எங்கள் கன்னட எழுத்தும் சரியானது.” அன்று மாலையே சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போதெல்லாம் யார் செய்த வேலை எனக்கு உதவினாலும், ‘இது எனக்கு உதவியது’ என்று அன்றைக்கே அதன் கீழே என் பெயர் போட்டு எழுதிவிடுகிறேன்.

“பாத்தியா, நான் சொன்னதாலதான் சேத்துக்கிட்டாங்க” என்கிறார் முனியப்பண்ணன்.

“ஆமாண்ணா” என்றே சொல்லி வைத்திருக்கிறேன்.

- ஷமீனா, குருபரப்பள்ளி