அப்பாவின் படத்துக்காகப் பினாங்குக்கு

1995இல் நான் பினாங்கு போனது கடற்கரை பார்க்க அல்ல, தங்கையோடு சண்டை போட. எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில், கொழும்பு வெள்ளவத்தையில், அப்பாவை அவருடைய மணிக்கூட்டுக் கடை வாசலிலேயே அடித்துக் கொன்றார்கள். நான் அப்போது யாழ்ப்பாணத்தில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதுத் தங்கை வசந்தி கடைக்குள் அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு பினாங்கில் இருந்த எங்கள் மாமி அவளை அழைத்துப்போய்த் தன்னோடு வைத்துக்கொண்டார்.

நான் கொழும்பில் தங்கி பொலிஸ் நிலையம், வழக்கறிஞர் வீடு என்று அலைந்தேன். கண்ணால் கண்ட சாட்சி இல்லாமல் வழக்கு நகராது என்றார்கள். வசந்தியை அனுப்பச் சொல்லி மாமியிடம் பலமுறை கேட்டும் பதில் இல்லை. அப்படியிருக்க, பினாங்கில் நினைவுக் கூட்டம் என்றும், அப்பாவின் படத்தை வைத்து வசந்தி பேசப்போகிறாள் என்றும் வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. உடனே கிளம்பிவிட்டேன்.

கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ரயில். நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு நடந்தே போகலாம். தீவுக்குப் போகும்போது மட்டும்தான் கட்டணம், அதுவும் சில்லறைக் காசு. திரும்பும்போது இலவசம். (எனக்குப் பிடித்த ஏற்பாடு.) அக்கரையில் டாக்சி நாலு வெள்ளி, அதாவது ரிங்கிட்.

மண்டபத்தின் பெயரைச் சொன்னதும் டாக்சிக்காரர் திரும்பிப் பார்த்தார். "சிலோன்ல அப்பாவப் பறிகொடுத்த பொண்ணு பேசுதாமே, அதுக்கா அக்கா? நீங்க சொந்தமா?"

சொந்தம் என்றேன். நானும் அவருடைய மகள்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

கடைசிக் காலையில் அப்பா பாணைத் தேநீரில் நனைத்துத் தனக்கு ஊட்டியதை வசந்தி மேடையில் சொன்னாள். சபை அழுதது. எனக்கு வயிறு எரிந்தது. பதினேழு வருடம் அவரோடு இருந்தவள் நான். அந்தக் காலை மட்டும் அவளுக்கு.

கூட்டம் முடிந்ததும் அமைப்பாளர் வந்து, அப்பா இறந்து தெருவில் கிடந்த படம் கிடைத்திருக்கிறது, சுவரொட்டியில் போடலாமா என்று கேட்டார். தங்கை மறுத்துவிட்டாளாம், மூத்தவள் நான் என்ன சொல்கிறேன் என்றார். நானும் கூடாது என்றேன். அந்த மறுப்பிலும் அவள் முந்திக்கொண்டது உறுத்தியது.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் நானும் வசந்தியும் நாசி கண்டார் என்ற கறிச்சோறு சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டுவிட்டேன்.

"கண்டது நீ. இங்க மேடையில சொல்லுறாய். கோட்டில வந்து ஏன் சாட்சி சொல்லேல்லை?"

வசந்தி சோற்றிலிருந்து கையை எடுத்தாள். "யாரு கேட்டா? மாமி எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல லா. நீங்க என்னை வேணாம்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

பிறகு, "அப்பா எப்படிச் சிரிப்பாருன்னு உங்களுக்குத் தெரியும்கா. எனக்கு அந்த ஒரு நாள்தான் இருக்கு" என்றாள்.

மறுநாள், சாட்சி சொல்லக் கொழும்புக்கு வருவதாக வசந்தி சொன்னதும் மாமி எவ்வளவோ தடுத்தார். பிள்ளை மறுபடி பயந்துவிடுவாள் என்பது அவர் கவலை. வசந்தி கேட்கவில்லை.

போகிறவர்களுக்கு: தைப்பூச வாரத்தில் அறை கிடைக்காது, முன்கூட்டியே சொல்லிவையுங்கள். என்னைப் போன்ற காரணத்துக்காகப் போவதென்றால், இடையில் ஆள் வைத்துக் கேட்காதீர்கள். நேரில் போங்கள்.

அடுத்த வருடம் வசந்தி கொழும்பு வந்து வாக்குமூலம் கொடுத்தாள். இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை. ஆனால் அப்பாவின் படத்தை யார் கேட்டாலும் இப்போது எங்கள் இருவரையும் கேட்க வேண்டும். அவள் வாக்குமூலம் கொடுத்த அன்று வெளியே நல்ல மழை. பத்திரிகைக்காரர்கள் அவளைத்தான் சூழ்ந்தார்கள். பொறாமையாகத்தான் இருந்தது. குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.