ராபியாக்காவின் சஹன்

மும்பை மாதுங்காவில் எங்கள் வீட்டில் சாமிக்கு அடுத்தபடியாகப் பயந்தது எச்சிலுக்குத்தான். தண்ணீரைத் தூக்கித்தான் குடிக்க வேண்டும். பரிமாறுகிற கரண்டி யார் தட்டிலாவது பட்டுவிட்டால் அந்தக் கரண்டிக்கு அன்று விடுமுறை. அப்பா தட்டிலிருந்து ஒரு அப்பளத் துண்டைக்கூட நான் எடுத்தது கிடையாது. அப்படி வளர்ந்த நான் இன்று செம்பூரில் ஒரு சின்ன ஹோட்டலுக்குத் தலைமைச் சமையல்காரி. தொழிலுக்காகக் கறியும் மீனும் சாப்பிடுகிறேன். அம்மாவுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறாள். ஆனால் ருசி பார்க்க ஒவ்வொரு முறையும் புதுக் கரண்டிதான்.

ராபியாக்காவைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மேலே சொன்னது தெரியாவிட்டால் அவர் செய்த காரியத்தின் கனம் விளங்காது.

அவர் காயல்பட்டினத்தில் பிறந்து, தோல்பை தைக்கும் கரீம் பாட்சாவைக் கட்டிக்கொண்டு தாராவிக்கு வந்தவர். ஒருமுறை பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் சமையல்காரர் காய்ச்சலில் படுத்துவிட, "நான் பாத்துக்கிடுதேன்" என்று அடுப்பின் முன் போய் நின்றார். அதன் பிறகு அந்தச் சந்துகளில் எந்த விசேஷமானாலும் அடுப்பு அவர் கையில்தான். ஆள் குள்ளம். தேக்சாவுக்குள், அந்தப் பெரிய சமையல் அண்டாவுக்குள், எட்டிப் பார்க்கச் செங்கல் மேல் ஏறி நிற்பார். ஊருக்கே ஆக்கிப் போட்டுவிட்டு, எல்லோரும் போன பிறகு, அடியில் இருப்பதை வழித்து நின்றபடியே சாப்பிடுவார். நான் முதன்முதலில் பார்த்தபோதும் அப்படித்தான் நின்றிருந்தார். வாயில் சோற்றோடு, செல்போனில் கறிக்கடைக்காரரை ஹிந்தியில் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஹோட்டலில் மாதம் ஒரு ஞாயிறு மதியம் ஏதாவது ஓர் ஊரின் விருந்து நடக்கும். வெள்ளைத் தட்டு, அச்சடித்த மெனு கார்டு, ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் என்னுடைய சின்னச் சொற்பொழிவு. பாந்த்ரா, பவாய் பக்கத்து வசதியான ஆட்கள் முன்பதிவு செய்துவிட்டு வருவார்கள். காயல் கல்யாண விருந்து போடலாம் என்று ராபியாக்காவை அழைத்தேன். நெய்ச்சோற்றைக் கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்து, பக்கத்தில் ஒரு துண்டு கறி வைத்து, சுற்றிலும் குழம்பால் மூன்று பொட்டு இட்டுக் காட்டினேன்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு. சாம்பிளா?"

"இல்லக்கா, இதான் சாப்பாடு."

"இது வீட்டுல கோவிச்சுக்கிட்டவ தனியா உக்காந்து திங்கிற சோறும்மா. கலியாணச் சோறு சஹன்லதான். ஒரு சஹனுக்கு நாலு பேரு. அப்படின்னா வாரேன், இல்லேன்னா வேற ஆளப் பாருங்க."

சஹன் என்பது அகலமான வட்டத் தட்டு. நாலு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டிலிருந்து கையால் எடுத்துச் சாப்பிட வேண்டும். கேட்டதுமே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையிட்டுத் தடுத்துவிடுவார் என்று நம்பினேன். அவரோ, "கர்கே தேக்கோ", செய்துதான் பாரேன், என்றார். கூடவே, ஒருவர் எழுந்து போனாலும் ஞாயிறு விருந்தே இனி பந்த் என்றும் சொல்லிவிட்டார். சண்டை போட்டு வாங்கிய விருந்து அது. அந்த ஹோட்டலில் என் பேர் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

அந்த ஞாயிறு மேசைகளை ஒதுக்கி, தரையில் வெள்ளைத் துணி விரித்தோம். ராபியாக்கா ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை ஒரு பக்கமும் உட்கார வைத்தார். கணவன் மனைவியைப் பிரித்ததில் சிலருக்கு நிம்மதி என்றே தோன்றியது. செம்பில் தண்ணீர் எடுத்து ஒவ்வொருவர் கையிலும் அவரே ஊற்றினார். பிறகு சஹன்கள் வந்தன. குவித்த நெய்ச்சோறு, நடுவில் களறிக்கறி என்கிற ஆட்டுக்கறி, ஓரத்தில் கத்தரிக்காய் மாங்காய். நெய்யும் ஏலமும் கலந்த ஆவி எழும்பியதும் பேச்சு தானாக நின்றது.

"அவங்கவங்க முன்னால இருக்குறத மட்டும் எடுக்கணும்," என்றார். "நல்ல துண்டு கையில சிக்குனா வாயில போடக்கூடாது. எதுத்தாப்ல இருக்கவுக பக்கம் தள்ளணும்."

நான் அதை ஹிந்தியில் சொன்னேன். யாரும் அசையவில்லை. கடைசி சஹனில் மூன்று பெண்கள்தான் இருந்தார்கள், நாலாமவர் வரவில்லை. பரவாயில்லை, ஆரம்பிக்கலாம் என்று சைகை காட்டினேன். ராபியாக்கா கூடாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

"ஆளு நெறையாத சஹன் இருக்கும்போது எங்கயும் கை வைக்க மாட்டோம்."

கூடமே காத்திருந்தது. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் எழுந்திருக்கத் தரையில் கை ஊன்றினார்.

"நீங்க உக்காருங்கம்மா," என்றார் ராபியாக்கா.

"நான் உக்காந்துண்டா கிச்சனை யார் பாத்துப்பா? நீங்க உக்காருங்கோ."

"ஆக்குனவ பரிமாறணும். உக்காருங்க."

வேறு வழியில்லை. சமையல் கோட்டோடு உட்கார்ந்தேன். என் கையிலும் தண்ணீர் ஊற்றினார். பிஸ்மி சொல்லித் தொடங்கி வைத்தார். எனக்கு எதிரே நரைத்த தலையோடு ஓர் அம்மாள். விரலில் பெரிய மோதிரம், முகத்தில் என்னுடைய அதே தவிப்பு. என் ஓரத்தில் கொஞ்சமாக எடுத்தேன். எல்லை தாண்டக் கூடாது என்று கவனமாகத்தான் இருந்தேன். ஆனால் எடுக்க எடுக்கக் குவியல் சரிந்தது. அவர்கள் சோறு என் பக்கம் வந்தது, என் சோறு அவர்கள் பக்கம் போனது. எது யாருடையது என்று யாரும் சொல்ல முடியாது.

அப்போது அந்த அம்மாள் கையில் ஒரு நல்லியெலும்புத் துண்டு சிக்கியது. ஒரு நிமிடம் அதைப் பார்த்தார். பிறகு நெய் வடிகிற விரல்களால் அதை என் பக்கம் தள்ளினார்.

சாப்பிட்டேன். பயந்த எதுவும் நடக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது, எழுந்து போகக் கை ஊன்றியவர் எதிரே இருந்தவரிடம் ஒரு துண்டைத் தள்ள, அவர் திருப்பித் தள்ள, இரண்டு பேரும் அதற்கே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சற்று முன்பு பெயர்கூடத் தெரியாதவர்கள். எத்தனையோ அலங்காரத் தட்டுகளை அந்தக் கூடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு ஒரு பருக்கை போய்க்கூடப் பார்த்ததில்லை.

எல்லோரும் போன பிறகு, அடுத்தது எப்போது என்று முதலாளி கேட்டார். நான் நேராக அடுப்பறைக்குப் போனேன். ராபியாக்கா தேக்சாவை வழித்துக்கொண்டு நின்றிருந்தார். ஒரு சஹனை எடுத்து மிச்சச் சோற்றைக் குவித்தேன். பாத்திரம் கழுவும் மாலதியையும் அவள் தங்கையையும் கூப்பிட்டேன்.

"எனக்கெதுக்கும்மா சஹன். நின்னுக்கிட்டே ரெண்டு வாய் போட்டுக்கிடுதேன்."

"ஆள் நெறைஞ்சாச்சு. உக்காருங்கோ."

கூச்சத்தோடு உட்கார்ந்தார். சோற்றைக் கிளறியபோது எனக்கு ஒரு நல்ல துண்டு கிடைத்தது. அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் அடுப்புக்கு முன்னால போய் நின்ன நாள்லருந்து எம்பக்கம் யாரும் துண்டு தள்ளுனதில்லம்மா," என்றார்.

சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் அதை மாலதி பக்கம் தள்ளப் போனார். சோறு ஒட்டிய என் கையால், சோறு ஒட்டிய அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.