ஆட்டுக்குச் சொன்ன சொல்

மதிய மணி அடித்தால் மற்றப் பிள்ளைகள் கைகழுவக் குழாயடிக்கு ஓடுவார்கள். அவள் மட்டும் வாசற்கதவை நோக்கி ஓடுவாள். குறுக்கே வருகிற பிள்ளையைத் தள்ளிவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "மே, மே" என்று கத்தியபடி ஓடுவாள். கதவுக்கு வெளியே பஸ் போகிற சாலை. நான் பின்னாலேயே ஓடிப் பிடித்துத் தூக்கி வருவேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, இடுப்பில் சுற்றிய என் லோஞ்சி அவிழாமல் வகுப்புக்குத் திரும்பியதே பெரிய காரியம். அவளுடைய சாப்பாட்டுப் பாத்திரம் திறக்கப்படாமலே வீட்டுக்குப் போகும்.

நான் எழுத உட்கார்ந்தது அவள் அம்மாவைப் பற்றி. அப்பாவுக்கு யாங்கோன் ஓரத்தில் எங்கள் ஷ்வேப்யிதாவில் தொழிற்சாலை வேலை கிடைத்ததால் மாவ்பியில் வயல் வேலையை விட்டுவிட்டு வந்த குடும்பம். வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அம்மாவுக்குச் சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குப் பர்மியம் வரும், பிள்ளைக்கு அதுவும் வராது. எங்கள் பள்ளியில் தமிழ் தெரிந்த ஆசிரியை நான் ஒருத்திதான். அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. எங்கள் வீட்டில் ஜெபத்துக்கு மட்டும்தான் தமிழ் மிச்சமிருக்கிறது. சிரிப்பும் கோபமும் எனக்குப் பர்மியத்தில்தான் வரும்.

பர்மியத்தில் கறுப்பு என்பதற்கு உள்ள சொல்லும் காதுக்கு ஏறக்குறைய "மே" என்றுதான் விழும். அவள் அப்படிக் கத்திக்கொண்டு ஓடும்போது வகுப்பே உருண்டு சிரிக்கும். "கலாமா தன் நிறத்தைத் தானே சொல்றா" என்பார்கள். கலாமா என்றால் இந்தியக்காரி. இந்த ஊரில் அதை யாரும் அன்பாகச் சொல்லிக் கேட்டதில்லை. யாரோ சொல்லிக்கொடுத்துத்தான் பிள்ளை இப்படிக் கத்துகிறாள் என்று நினைத்து நான் பிள்ளைகளைத் திட்டித் தீர்ப்பேன். அதே வகுப்பில் வெளுத்த நிறப் பையன் ஒருவன் இருந்தான். அவனும் யாருடனும் பேச மாட்டான், தொட்டால் கத்துவான். ஆசிரியர் அறையில் அவனுக்குக் கூச்ச சுபாவம் என்று பெயர், அவளுக்கு முரட்டுப் பிள்ளை என்று பெயர். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் சயாமாஜி என்னைக் கூப்பிட்டார். தலைமையாசிரியையை இங்கே அப்படித்தான் சொல்வோம். "கதவுக்கு வெளியில ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? இந்த மாசத்தோட வீட்டுக்கு அனுப்பிடுவோம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். பெற்றோர் கதவுக்கு வெளியிலேயே நின்று பிள்ளையை விட்டுவிட்டுப் போவதுதான் எங்கள் பள்ளி வழக்கம். அனுப்புவதற்கு முன் அம்மாவை ஒரே ஒரு மதியம் வகுப்புக்குள் உட்கார விடுங்கள் என்று கெஞ்சினேன். ஒத்துக்கொண்டார்.

அவள் அம்மா வந்து கடைசி வரிசையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மணி அடித்தது. வகுப்பாசிரியை பாத்திரத்தைத் திறந்து வைத்து, குனிந்து, நல்ல பிரியமாகத்தான் சொன்னார்: "சா... சா..." சாப்பிடு என்று அர்த்தம். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு "மே" என்று கத்தினாள். வகுப்பு சிரித்தது. அவள் அம்மா மட்டும் எழுந்து என்னிடம் வந்தாள்.

"டீச்சரம்மா, எம்புள்ள கறுப்புன்னு சொல்லல. ஆடு மாதிரி கத்துறா" என்றாள்.

பக்கத்து வீட்டு ஆடு ஒன்று இந்த அம்மா போட்ட புளிச்சகீரைப் பாத்தியில் தினமும் வாய் வைக்குமாம். இவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "சா, சனியனே, சா" என்று விரட்டுவாளாம். ஒரு மழைக்காலத்தில் அந்த ஆடு சீக்கு வந்து நிஜமாகவே செத்துப்போனது. பிள்ளை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிற பிள்ளை அவள். பள்ளிக்கு வந்தால் சிரித்த முகத்தோடு ஒரு ஆசிரியை தினமும் சோற்றைக் காட்டிச் "சா" என்கிறார். எனக்கே ஓடத் தோன்றும்.

"நானு ஆட்டுக்குச் சொன்னதத்தான் அவுங்க எம்புள்ளைக்குச் சொல்றாங்கன்னு நெனச்சிருக்கா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். விஷயத்தைச் சயாமாஜியிடம் பர்மியத்தில் சொல்லி முடிப்பதற்குள் எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "வீட்டில் சாப்பிட என்ன சொல்லிக் கூப்பிடுவாய்?" என்று அவள் அம்மாவையே கேட்டார். சோறு என்றாள். மறுநாளிலிருந்து வகுப்பு முழுக்க "ஸோரு, ஸோரு" என்று கத்தியது. ஆட்டுக் கதையை அவள் அம்மாவே பிள்ளைகளுக்குச் சொன்னாள், நான் மொழிபெயர்த்தேன். ஓட்டம் அன்றே நிற்கவில்லை. ஆனால் அந்த வாரத்துக்குள் பாத்திரம் காலியாக வீட்டுக்குப் போனது. அவளை வீட்டுக்கு அனுப்புகிற பேச்சைச் சயாமாஜி அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

தெருவைத் திருத்துவதுதான் பெரும்பாடு. யாங்கோனில் ஒருவரைப் பார்த்தால் முதலில் கேட்பது சாப்பிட்டாயா என்றுதான், அதிலும் அந்தச் "சா" இருக்கிறது. அவள் அம்மா டீக்கடை பாயிடம் போனாள், சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவரிடம் போனாள், கோவில் அன்னதானத்தில் பரிமாறுகிற பெண்களிடமும் போனாள். "என் மக காதுல அந்தப் பேச்சு வேணாம்" என்று கேட்டுக்கொண்டாள். பாய் அன்றிலிருந்து பிள்ளையைக் கண்டால் வயிற்றைத் தடவிக் காட்டிப் புருவத்தை உயர்த்துவார். இவளும் தன் வயிற்றைத் தடவிக் காட்டுவாள். பிறகு மருத்துவர் ஒருவர் ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். பெயர் தெரிவதற்கு முன்பே தெரு பழகிவிட்டிருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கலாமா என்கிற வாய்கள் இன்னும் இருக்கின்றன. அவளுக்கும் இன்னும் பேச்சு குறைவுதான். ஆனால் நாலாம் வகுப்பில் இருக்கிறாள், கதவுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதை நினைத்தாலே எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

பெற்றோர் இப்போது கதவுக்கு உள்ளே வருகிறார்கள். இந்த ஜூனில் ஒரு பர்மியப் பெண் மகனைக் கொண்டுவந்தாள். அவன் தரையில் புரண்டு அழுதான். சயாமாஜி என்னைக்கூடக் கூப்பிடவில்லை, நேராக நம் நாலாம் வகுப்புக்காரியின் அம்மாவுக்குத்தான் ஆள் அனுப்பினார். அவள் வந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, தன் சந்தைப் பர்மியத்தில், "வீட்ல கோவம் வந்தா என்ன சொல்லித் திட்டுவீங்க?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் மகன் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டத் தொடங்கினாள்.

"சரி, மொதல்ல நான் சொல்றேன்" என்று இவள் தன்னுடையதைச் சொன்னாள். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு நெருங்கி வந்து இவள் காதில் ஏதோ சொன்னாள்.

"அத விடணும்" என்றாள் இவள். "கஷ்டந்தான். எனக்கு இன்னமும் நாக்கு நுனி வரைக்கும் வருது."