ரீட்டா மிஸ் மேல் தப்பில்லை

ரீட்டா மிஸ் இன்று காலை இறந்துவிட்டார்கள். ஹார்ட் அட்டாக்.

நாளை நான்கு மணிக்கு ஊரிகம் சர்ச்சில் ப்ரேயர். அதற்குள் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஆறாம் வகுப்பில் எங்களுக்கு சயின்ஸ் மிஸ். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் நேச்சர் வாக். நான் வைத்த பெயர் டார்ச்சர் வாக்.

தங்கச் சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டுப் பக்கம் கூட்டிப்போய் எறும்பு வரிசைக்கு முன்னால் உட்கார வைப்பார்கள். "இதுங்களுக்கு இன்னா ஷிஃப்ட்? யாரு மேஸ்திரி? எழுதுங்க பாக்கலாம்."

'எது சும்மா நிற்கிறதோ அதுதான் மேஸ்திரி' என்று எழுதினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதை வகுப்புச் சுவரில் ஒட்டினார்கள்.

மிஸ்ஸின் அப்பா மைனில் இருந்தவர். ஷாஃப்டில், அதாவது சுரங்கக் குழியில், இறங்குகிறவர்களுக்கு டோக்கன் உண்டாம். எங்களுக்கும் அதே முறை. ஸ்கூல் கேட் பக்கத்தில் ஒரு போர்டு, ஆளுக்கு ஓர் ஆணி. போகும்போது நம்பர் அட்டையை மாட்ட வேண்டும், திரும்பியதும் எடுக்க வேண்டும். ஓர் அட்டை தொங்கினால் ஓர் ஆள் இன்னும் வெளியே.

ஒரு வெள்ளிக்கிழமை வாக் முடிந்து நான் முதலில் ஓடிவந்தேன். என் அட்டையோடு பிரகாஷ் அட்டையையும் உருவி பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். வந்து தேடுவான், முழிப்பான்... அவ்வளவுதான் பிளான்.

பிரகாஷ் வரவேயில்லை.

மிஸ் போர்டைப் பார்த்தார்கள். காலி. கேட்டை மூடச் சொன்னார்கள்.

பெல் அடித்த பிறகுதான் பெஞ்சில் அவன் பை மட்டும் கிடப்பது தெரிந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் பழைய ஷாஃப்ட்... வேலி பாதி இல்லை.

மிஸ் ஓடினார்கள். ஒரு செருப்பு வழியிலேயே கழன்றது. "பிரகாஷ்! டேய் பிரகாஷ்!" பின்னால் நாங்கள்.

வேலிக்குப் பத்தடி தள்ளிக் குப்புறக் கிடந்தான். அசைவே இல்லை.

மிஸ் தோளைத் தொட்டதும் திரும்பினான். "ஷ்ஷ்... குழியானைப் பூச்சி எறும்பப் புடிக்கப் போவுது மிஸ். சத்தம் போடாதீங்க."

மிஸ் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை ஹெச்.எம். ரூம். கதவோரம் நின்று கேட்டேன்.

"போர்டப் பாக்காமயே கேட்ட மூடினீங்களா?"

"என் தப்புதான் மேடம்."

என் பாக்கெட்டில் இரண்டு அட்டை. வாயாடி என்று பெயர் எனக்கு... அன்றைக்கு உள்ளே போகாமல் வகுப்புக்கு ஓடிவிட்டேன். நேச்சர் வாக் அதோடு நின்றது. அட்டையை எடுத்தது யார் என்று மிஸ் யாரையும் கேட்கவில்லை.

ஹெச்.எம். மேடம், நீங்கள் என் ஃப்ரெண்ட் லிஸ்ட்டில் இருக்கிறீர்கள். மிஸ் போர்டைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டை மூடினார்கள் மேடம். போர்டைக் காலியாக்கியது நான்.

பிரகாஷ், உனக்கும் இப்போதுதான் தெரியும். நாளைக்கு வா. எல்லோர் முன்னாலும் திட்டு.

இந்தத் தடவ ஓடாம மெதுவாப் போங்க மிஸ்.