எண்பத்து மூன்றோடு நின்ற கணக்கு

பம்மலில் ஒரு பள்ளியில் நான் கணக்கு ஆசிரியர். இதை ஆசிரியர் அறையில் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு தேர்வில் 8633 பகா எண்ணா என்று கேட்டிருந்தேன். விடைக்குறிப்பை வீடு திரும்பும் மின்ரயிலில் தயாரித்தேன். தொண்ணூற்று மூன்றின் வர்க்கமே அதைத் தாண்டிவிடும். அதனால் அதற்குக் கீழுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். எண்பத்து மூன்று வரை எதிலும் போகவில்லை. அதற்குள் தாம்பரம் வந்துவிட்டது. பகா எண் என்று எழுதிவிட்டு இறங்கினேன்.

கவிதா என்ற மாணவி மட்டும் ‘பகா எண் அல்ல’ என்று ஒரே வரியில் எழுதியிருந்தாள்.

“குத்துமதிப்பா எழுதாதே” என்று வகுப்பின் முன் திட்டினேன். ‘8633 ஒரு பகா எண்’ என்று ஐம்பது முறை எழுதிவரச் சொன்னேன். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “உட்காரு” என்றேன்.

அன்று மாலை ரயிலில் அந்த எண் என்னை விடவில்லை. குரோம்பேட்டை தாண்டியதும், விட்டுப்போன எண்பத்தொன்பதால் வகுத்தேன். சரியாகத் தொண்ணூற்றேழு முறை போனது. மீதி இல்லை. இருப்பே கொள்ளவில்லை. அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பிப் போகலாமா என்றுகூட நினைத்தேன், பள்ளியைப் பூட்டியிருப்பார்கள்.

காலையில் பள்ளி வாசலிலேயே அவளுக்காகக் காத்து நின்றேன். வந்ததும் நோட்டை நீட்டினாள். ஐம்பது வரி, ஒரு அடித்தல் இல்லை.

“தப்பு என்னோடதும்மா. அது பகா எண் இல்ல.”

“தெரியும் சார். எண்பத்தொம்பதுல போகுது.”

“அப்புறம் ஏம்மா எழுதினே?”

“நீங்கதானே சார் எழுதச் சொன்னீங்க?”

வகுப்பில் என் தவறைச் சொல்லி, அவள் மதிப்பெண்ணைத் திருத்தினேன். அந்த ஐம்பது வரிகளை எப்படித் திருத்துவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.